தோலில் தீட்டிய சின்னம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

'ஜாக்கெட்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் தாய்மார் சேலையுடன் அணியும் ரவிக்கைதான் நம் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் நாங்கள் கூறப்போகும் ஜாக்கெட் வேறு. இது தோலால் ஆனது, இடுப்புவரை வருவது, முன்புறம் ஜிப் வைத்து மூடுவது, குளிர் மிகுந்த உயரத்தில் விமானம் ஓட்டிய போர்வீரர்கள் அணிந்தது. அந்த ஜாக்கெட்டைப் பற்றியும் நாங்கள் அதிகமாக எழுதப்போவதில்லை. அதன் மார்பில் தைக்கப்பட்ட, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தோல் துண்டைப் பற்றியே எழுதப்போகிறோம். அத்துண்டில் கையால் வர்ணம் தீட்டுவது எப்படி? தீட்டிய சின்னத்தை எண்பது ஆண்டுப் பழமை உடையதுபோல் ஆக்குவது எப்படி? அவ்வாறு ஆக்கலாமா? இவையே எங்கள் பொருள்.

இதில் எங்களுக்கு ஆர்வம் பிறந்தது தற்செயலாகத்தான். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை, தோல் ஆடைகள் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். புத்தம் புதிய ஜாக்கெட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, நிறம் மங்கச் செய்து, பழையதுபோல் ஆக்கி அனுப்பவேண்டும் என்று ஒருமுறை ஆர்டர் வந்ததாம். "புதுசை எதுக்குப்பா பழசாக்குறீங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "புதுசைவிடப் பழசுக்குத்தாம்மா அங்கே விலை" என்றாராம் அவர். நம் வீடுகளில் கிறிஸ்மஸுக்கு எடுத்த உடை சாயம் போய்விடக்கூடாதே என்று உப்பு நீரில் நனைத்து, நிழலில் உலர்த்துகிறோம். இப்படியும் ஒரு வியாபாரமா என்று வகுப்பு முழுவதும் சிரித்தது. எங்கள் கைத்தொழில் ஆசிரியையான சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அது எந்த ஜாக்கெட்டின் நகல், அசலை யார் அணிந்தார்கள் என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். இவ்வாண்டுக் கண்காட்சிக்கு அதையே செய்து பார்க்கலாம்" என்றார்கள். நூலகத்திலும் கணினி அறையிலும் மூன்று வாரங்கள் தேடினோம்.

அமெரிக்க இராணுவத்தின் விமானப் பிரிவு 1931ஆம் ஆண்டில் 'ஏ-2' என்னும் தோல் ஜாக்கெட்டைத் தன் விமானிகளுக்கு உரிய உடையாக ஏற்றுக்கொண்டது. இவை பெரும்பாலும் குதிரைத் தோலாலும், சில ஆட்டுத் தோலாலும் தைக்கப்பட்டன. மணிக்கட்டிலும் இடுப்பிலும் காற்றுப் புகாதபடி கம்பளிப் பின்னல் பட்டி இருக்கும். 1943ஆம் ஆண்டில், இரண்டாவது உலக மகாயுத்தத்தின் நடுவே, விமானப் படைத் தளபதி ஹென்றி ஆர்னால்டு இனித் தோல் ஜாக்கெட் வாங்கவேண்டாம், துணி ஜாக்கெட்டே போதும் என்று நிறுத்திவிட்டார். ஆனால் தோல் ஜாக்கெட் கிடைத்தவர்கள் அதை எளிதில் விடவில்லை. ஏன் தெரியுமா? இராணுவத்தில் தொப்பி, காலணி, பொத்தான் எல்லாம் ஒரே மாதிரி. நம் பள்ளிச் சீருடைபோலத்தான். அவற்றுக்கிடையே 'இவன் இன்ன படையைச் சேர்ந்தவன், இன்ன விமானத்தில் பறந்தவன்' என்று தனித்துச் சொல்ல இடம் கொடுத்தது அந்த ஜாக்கெட் ஒன்றுதான்.

ஒவ்வொரு விமானப் படைப்பிரிவும் தனக்கென ஒரு சின்னம் வைத்துக்கொண்டது. ஏறத்தாழ 5 அங்குல அகலமுள்ள வட்டத் தோலில் அச்சின்னத்தைத் தீட்டி, ஜாக்கெட்டின் மார்பில் தைத்துக்கொண்டார்கள். வேறு சிலர் முதுகுப்புறம் முழுவதையும் ஓவியமாக்கினார்கள். விமானத்தின் பெயர், ஒரு படம், அதன் கீழே பறந்து முடித்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சிறிய வெடிகுண்டு என்று வரிசையாகத் தீட்டுவார்கள். அந்தக் குண்டுகளை எண்ணினால், அம்மனிதர் எத்தனை முறை சாவுக்கு அருகில் போய்த் திரும்பினார் என்று தெரிந்துவிடும். இவற்றைத் தீட்டியவர்கள் புகழ்பெற்ற ஓவியர்கள் அல்லர். ஊரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்து பின்பு படையில் சேர்ந்தவர்கள், படம் வரையக் கை வந்த சாதாரண வீரர்கள் ஆகியோரே பலர். விமானத்தின் மூக்கில் படம் தீட்டியவர்களும் இத்தகையவர்களே. 'மெம்பிஸ் பெல்' என்ற புகழ்பெற்ற விமானத்தின் மூக்குப் படத்தைத் தீட்டிய டோனி ஸ்டார்சர் என்பவரும் படையில் பணிபுரிந்த வீரர்தான்.

சின்னங்களை வடிவமைத்துத் தந்தவர்களுள் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் உண்டு. அவர்தான் வால்ட் டிஸ்னி. கேலிச்சித்திரப் படங்கள் எடுக்கும் அவருடைய நிறுவனம், போர்க்காலத்தில் ஏறத்தாழ 1,200 சின்னங்களைக் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தது. ஹாங்க் போர்ட்டர் என்னும் ஓவியர் இப்பணிக்குத் தலைமை வகித்தார். அதிகமாகக் கேட்கப்பட்டது டொனால்டு வாத்து. எப்போதும் கோபித்துக்கொள்ளும் அந்த வாத்தைப் போர்வீரர்கள் விரும்பியதில் வியப்பில்லை!

இச்சின்னங்களுள் எதை நாங்கள் செய்வது? வாத்தா, புலியா, மண்டையோடா என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்ணின் சின்னம் எங்கள் கண்ணில் பட்டது. அன்றே விவாதம் முடிந்துவிட்டது.

அதன் பெயர் ஃபிஃபினெல்லா. சிறகுடைய குட்டிப் பெண். சிவப்பு மேலாடை, விமானிக் கண்ணாடி, தொப்பி. வானிலிருந்து இறங்கி வருகிற பாவனை. விமான இயந்திரத்தில் காரணம் தெரியாமல் பழுது வந்தால், 'கிரெம்லின்' என்னும் குட்டிப் பூதங்களின் வேலை அது என்று பிரிட்டிஷ் விமானப் படையினர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படையில் விமானியாக இருந்த ரோல்டு டால், பின்னாளில் சிறுவர் கதைகளால் புகழ் பெற்றவர், இப்பூதங்களைப் பற்றி எழுதிய கதை நூல் 1943ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தின் படங்களுடன் வெளிவந்தது. அக்கதையில் வரும் பெண் பூதத்தின் பெயர்தான் ஃபிஃபினெல்லா. அதைத் தம் சின்னமாக வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்கள், 'வாஸ்ப்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அமெரிக்கப் பெண் விமானிகள்.

இவர்களைப் பற்றி எங்களுள் ஒருவரும் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இவர்களுடைய அமைப்பு உருவாயிற்று. ஜாக்குலின் காக்ரன் என்ற பெண் விமானி அதற்குத் தலைமை தாங்கினார். 25,000க்கும் அதிகமான பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1,830 பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் இருந்த அவெஞ்சர் களத்தில் பயிற்சி நடந்தது. தொழிற்சாலையில் செய்து முடித்த போர் விமானங்களை விமானத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்ப்பது, பழுது பார்த்த விமானங்களை ஓட்டிச் சோதிப்பது, ஆண் வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக இலக்குத் துணியைக் கட்டி வானில் இழுத்துச் செல்வது ஆகியவை இவர்கள் வேலை. கடைசியில் சொன்னதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். சுடுகிறவர்கள் பழகுகிறவர்கள், குண்டுகள் உண்மையானவை!

பயிற்சியிலும் பணியிலுமாக 38 பெண்கள் உயிரிழந்தார்கள். ஆனால் சட்டப்படி இவர்கள் இராணுவத்தினர் அல்லர். ஆகவே இறந்தவரின் பெட்டிமேல் தேசியக் கொடி போர்த்தும் உரிமைகூட இல்லை. உடலை ஊருக்கு அனுப்பத் தோழியர் தமக்குள் பணம் திரட்டியதும் உண்டு. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாளுடன் அமைப்பே கலைக்கப்பட்டது. இவர்களையும் முன்னாள் படையினராக ஏற்கும் சட்டம் 1977ஆம் ஆண்டில்தான் வந்தது. அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கம் 2010ஆம் ஆண்டில் வழங்கப்பட்டபோது, உயிரோடு இருந்தவர்கள் முதுமை எய்திய பாட்டிமார்களாக இருந்தார்கள். சம்பளத்திலும் பதவியிலும் கிடைக்காத அடையாளத்தை இப்பெண்களுக்கு அந்தத் தோல் வட்டம் கொடுத்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. எங்கள் கருத்தை நாங்கள் சொல்லுகிறோம். தவறானால் பெரியோர் பொறுத்துக்கொள்க.

நம் நாட்டுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள்களைக் கொண்டு சென்றன. இங்கிருந்த படையினர் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் பொறித்த கேடயச் சின்னத்தை அணிந்தார்கள். அவற்றுள் பல இந்தியக் கைவினைஞர்கள் தோலிலும் ஜரிகையிலும் செய்து கொடுத்தவை. சீனாவில் பறந்தவர்கள் இன்னொரு துண்டையும் ஜாக்கெட்டில் தைத்திருந்தார்கள். 'இந்த அந்நியர் போரில் உதவ வந்தவர், காப்பாற்றுங்கள்' என்ற பொருளில் சீன மொழியில் எழுதப்பட்ட துண்டு அது. விமானம் விழுந்து, மொழி தெரியாத கிராமத்தில் நிற்கும் ஒருவனுக்கு அதுவே நாக்கு. இப்போது அதற்கும் நகல்கள் விற்கின்றன.

இனி வேலைக்கு வருவோம்.

தோழியின் தந்தை வெட்டி எறிந்த ஆட்டுத்தோல் துண்டுகளைக் கொடுத்து உதவினார். நம் பகுதித் தோல், முற்காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டுப் பெயர் பெற்றது என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்ததும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே. இத்தோல் நீரை உறிஞ்சும். ஈரமாக இருக்கையில் அழுத்தினால் தடம் பதியும். ஒரு சாசரைக் கவிழ்த்து வைத்து வட்டமாக வெட்டினோம். மெல்லிய தாளில் படத்தை வரைந்து, ஈரத் தோலின்மேல் வைத்து, மை தீர்ந்துபோன பால் பேனாவால் கோடுகளின்மேல் அழுத்தி வரைந்தோம். தாளை எடுத்ததும் ஃபிஃபினெல்லா தோலில் பதிந்திருந்தாள். இதுவரை எல்லாம் எளிது.

முதல் துண்டில் உடனே வர்ணத்தைப் பூசினோம். மறுநாள் மடக்கிப் பார்த்தால் வெங்காயச் சருகுபோல் உரிந்து வந்தது. காரணம், தோல் பளபளக்கவும் நீர் படாமலிருக்கவும் மேலே ஒரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள். அதை நீக்காவிட்டால் வர்ணம் தோலைப் பிடிக்காது. இரண்டாம் துண்டை, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறியது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, சிஸ்டர் அருகில் நிற்கும்போதுதான் இதைச் செய்தோம். தங்கைமார் தனியே முயலவேண்டாம்.

அடுத்தது அடிப்பூச்சு. பழுப்புத் தோலின்மேல் மஞ்சளை நேரே பூசினால் சேற்று நிறமாகிவிடும். ஆகையால் படம் வரும் இடம் முழுவதும் முதலில் வெள்ளை பூசி, காய்ந்தபின் மற்ற நிறங்களைப் பூசவேண்டும். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட நீர்க்கப் பலமுறை பூசுவது நல்லது. கறுப்புக் கோடுகளைக் கடைசியில் இழுக்கவேண்டும். கண், மூக்கு, உதடு மூன்றையும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் உயிர் வரும். எங்கள் முதல் ஃபிஃபினெல்லாவுக்கு மாறுகண் அமைந்துவிட்டது. அவளை இன்றும் வைத்திருக்கிறோம்.

இரண்டு துண்டுகளை இருவிதமாகத் தீட்டினோம். ஒன்று அக்ரிலிக் வர்ணம்; மற்றொன்று கதவுக்குப் பூசும் எனாமல். அக்காலத்துப் படைவீரர்கள் எண்ணெய் வர்ணம், எனாமல் என்று கையில் கிடைத்ததைப் பூசினார்கள். அக்ரிலிக் பால்வர்ணம் கடைக்கு வந்தது 1950களில்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டும் நன்கு காய்ந்தபின் பழமையாக்கத் தொடங்கினோம். இங்கேதான் எங்களுக்கு உண்மையான பாடம் கிடைத்தது. பழமை என்றால் அழுக்கு என்று நினைத்திருந்தோம். மாறுகண் துண்டை எடுத்து, உப்புத்தாளால் முழுவதும் தேய்த்து, தேயிலை டிகாஷனில் முக்கி எடுத்தோம். பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்த தட்டுபோல் ஆயிற்று. பார்த்த எவரும் 'பழையது' என்று சொல்லவில்லை, 'கெட்டுவிட்டதா?' என்றே கேட்டார்கள்.

பழைய பொருள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பழையதாவதில்லை. நம் வீட்டு அம்மிக்கல்லைப் பாருங்கள். குழவி ஓடும் நடுவிடம் தேய்ந்து குழிந்திருக்கும். ஓரம் அன்று கொத்தியபடியே இருக்கும். தேய்மானத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆகவே தேய்க்கும் முன், அதை அணிந்தவள் என்ன செய்தாள் என்று யோசிக்கவேண்டும். விமானி தோள்களின்மேல் பாராசூட் வார் மாட்டுகிறாள். அது மார்பில் உரசும். இருக்கைப் பட்டையைக் கட்டுகிறாள். குனிகிறாள், உட்காருகிறாள், ஏறுகிறாள். எங்களிடம் பாராசூட் ஏது? ஒருத்தி சின்னத்தைக் குண்டூசியால் சட்டையில் குத்திக்கொண்டாள். புத்தகப் பையின் வாரில் சாக்குக்கட்டித் தூளைத் தடவி, அதை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஐம்பது முறை ஏறி இறங்கினாள். (கீழ் வகுப்பு ஆசிரியை வந்து என்ன இது என்று கேட்டார்கள்.) சின்னத்தின் ஓர் ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் வெண்தூள் ஒட்டியிருந்தது. அந்தப் பிறையில் மட்டுமே உப்புத்தாளைப் போட்டோம். அதிசயம்! அந்தக் கணமே அது யாரோ அணிந்த பொருளாகத் தோன்றத் தொடங்கிற்று.

பிறகு வெடிப்பு. எண்ணெய் கலந்த வர்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுச் சிறிது சிறிதாக இறுகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது விறைத்துப்போகும். கீழேயுள்ள தோலோ மடங்கிக்கொண்டே இருக்கும். விறைத்தது மடங்கமாட்டாமல் வெடிக்கிறது. நாற்பது ஆண்டு காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. ஆகவே எனாமல் துண்டின் வெள்ளை அடிப்பூச்சில் முன்னரே சாக்குக்கட்டித் தூளைக் கலந்திருந்தோம். தூள் மிகுந்தால் பூச்சு நொறுங்கும் தன்மை அடையும். மூன்று வாரம் வெயிலில் காய வைத்து, வர்ணம் வெளியே இருக்கும்படி ஒரு பென்சிலின்மேல் சுற்றினோம். 'நற நற' என்று மெல்லிய ஓசை கேட்டது. பென்சிலின் நீளவாக்கில் வெடிப்புகள் ஓடின. குறுக்காகச் சுற்றியதும் வலைபோல் ஆயிற்று. அக்ரிலிக் துண்டை எவ்வளவு சுற்றியும் அது ரப்பர்போல் இழுபட்டு, பழைய நிலைக்கே வந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

வெடிப்பு மட்டும் போதாது. அதில் காலத்தின் அழுக்குப் படியவேண்டும். கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தை டர்பெண்டைனில் கரைத்து, துணியால் தடவி, உடனே துடைத்துவிட்டோம். மேற்பரப்பில் அழிந்து, வெடிப்புகளுக்குள் மட்டும் தங்கியது. எண்ணெய் வர்ணம் வயதானால் மஞ்சள் பாயும். வெள்ளை தந்த நிறமாகும். நீலம் சற்றுப் பச்சை காட்டும். இதற்காக மிக நீர்த்த பழுப்பு வார்னிஷை ஒருமுறை பூசினோம். கடைசியாக, செருப்பு தைக்கும் தாத்தாவிடம் கொண்டுபோய் ஓரம் முழுவதும் தையல் போட்டு, அதைப் பிரித்து, வேறு துளைகளில் மறுபடி தைத்து வாங்கினோம். வீரர்கள் ஜாக்கெட் மாற்றும்போது சின்னத்தைப் பிரித்துப் புதியதில் தைப்பது வழக்கம். பழைய துளைகள் அப்படியே நிற்கும். "நல்லாத் தச்சதைப் பிரிக்கச் சொல்றீங்களே!" என்று அந்தத் தாத்தா எங்களைத் திட்டியபடியே தைத்தார்.

கண்காட்சி நாள் வந்தது. கண்ணாடிப் பெட்டியில், நீலத் துணிமேல் எங்கள் சின்னத்தை வைத்தோம். 'அமெரிக்கப் பெண் விமானியின் தோல் சின்னம் - இரண்டாவது உலக மகாயுத்தம்' என்று அட்டையில் அழகாக எழுதினோம். 'நகல்' என்ற சொல்லை எழுதவில்லை. மறந்துவிட்டோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. எழுதினால் கூட்டம் வராது என்று எங்களுள் சிலர் சொன்னோம், மற்றவர்கள் பேசாமலிருந்தோம்.

கூட்டம் வந்தது. பெற்றோர் வியந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். நாங்கள் அந்த 38 பேரைப் பற்றிச் சொன்னதை முழுவதும் கேட்டார். பெட்டியின்மேல் கை வைத்து, அந்தத் தேய்ந்த பிறையையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டிருந்த பொண்ணு திரும்பி வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்.

அந்தப் பெண் யார்? மாடிப்படியில் ஐம்பது முறை ஏறி இறங்கிய எங்கள் தோழிதான். எங்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஆனாலும் எங்களுள் ஒருத்தி, "வந்துட்டாங்க பாட்டி" என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் மறுக்கவில்லை. பாட்டி, "மாதாவே, ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மாலையில் சிஸ்டரிடம் சொன்னோம். கோபிப்பார்கள் என்று பயந்தோம். அவர்கள் ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "கிறிஸ்மஸ் நாடகத்தில் சூசையப்பருக்குப் பஞ்சில் தாடி ஒட்டுகிறோமே, அது பொய்யா?"

"இல்லை சிஸ்டர். பஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும்."

"அப்படியானால் தாடியில் குற்றமில்லை. நீங்கள் தீட்டியதிலும் குற்றமில்லை. அட்டையை எடுத்து வாருங்கள்."

அட்டையில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி அன்று இரவு ஏழு மணிவரை பேசினோம். உண்மையான ஓவியம் தீட்டிய ஜாக்கெட்டுகளை இன்று பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். ஆதலால் நகலைப் பழையதாக்கி அசல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். நகல் செய்வோருள் நேர்மையானவர்கள் தோலின் பின்புறத்தில் தம் பெயரையும் ஆண்டையும் அழியாதபடி எழுதிவிடுகிறார்கள். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும், அக்கால உடையை விரும்பி அணிவோர்க்கும் அத்தகைய நகல் போதும். அசலை வெயிலிலும் வியர்வையிலும் பாழாக்காமல் பெட்டியில் காப்பதற்கு நகல் உதவவும் செய்கிறது. பெயர் எழுதாத நகல் முதலில் வாங்கியவரிடம் ஏமாற்றாக இல்லாவிட்டாலும், மூன்றாவது கைக்குப் போகும்போது அசலாகிவிடும். நகலும் போலியும் ஒரே தோலில் ஒரே தூரிகையால் பிறக்கின்றன. முதுகில் இருக்கும் எழுத்துத்தான் அவற்றைப் பிரிக்கிறது.

கள்ளத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாமலும் இல்லை. வங்கியில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டில் பிடித்தால், இக்காலத்து நூலில் சேர்க்கும் வெண்மையூட்டி நீலமாக ஒளிரும். போர்க்காலப் பருத்தி நூல் அவ்வாறு ஒளிராது. வர்ணம் அக்ரிலிக் என்று தெரிந்தால் அது 1943ஆம் ஆண்டுப் பொருளாக இருக்க முடியாது. உப்புத்தாளின் கீறல்கள் உருப்பெருக்கியில் ஒரே திசையில் தெரியும். முன்புறம் கிழவியாகவும் பின்புறம் குமரியாகவும் இருக்கும் தோலையும் நம்பக்கூடாது. எங்கள் சின்னத்தைத் தோழியின் அண்ணன் கொண்டுவந்த விளக்கில் பிடித்தோம். செருப்பு தைக்கும் தாத்தாவின் நூல் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது!

மறுநாள் புதிய அட்டை வைத்தோம். 'நகல். பத்தாம் வகுப்பு மாணவியர் செய்தது. தேய்வும் வெடிப்பும் எங்களால் உண்டாக்கப்பட்டவை' என்று எழுதினோம். அருகில் மாறுகண் துண்டையும், வெடிக்க மறுத்த அக்ரிலிக் துண்டையும் வைத்தோம். கூட்டம் குறையவில்லை. எப்படி வெடிக்கச் செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி முடியவில்லை.

பேத்தியை அழைத்துப்போக மதியம் அந்தப் பாட்டி வந்தார். வாசலிலேயே போய் நின்றோம். முதல் நாள் பொய் சொன்னவளே பேசினாள். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "ராத்திரி அந்தப் பொண்ணுக்காக ஒரு ஜெபமாலை சொன்னேனே" என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. சற்று நேரம் கழித்து, "திரும்பி வராததுங்க பேரு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றோம். ஹேசல் யிங் லீ என்பவர் அமெரிக்காவில் பிறந்த சீனப் பெண். ஆசையாகத் தம் விமானத்தின் வாலில் உதட்டுச் சாயத்தால் சீன எழுத்து எழுதுவாராம். 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதம், போர் விமானம் ஒன்றைச் சேர்ப்பிக்கும் வழியில், தரையிறங்கும்போது இன்னொரு விமானத்துடன் மோதி, இரண்டு நாள் கழித்து இறந்தார். அமைப்பு கலைக்கப்படுவதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது. பாட்டிக்கு அந்தப் பெயர் நாவில் நிற்கவில்லை. பேத்தியின் சிலேட்டுப் பலகையில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். அழியாமல் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று பலகையை மார்போடு அணைக்காமல், சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டே அந்தப் பிள்ளை நடந்து போனது.

சின்னம் இப்போது கைத்தொழில் அறை அலமாரியில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் சூட்டுக்கோலால் 'நகல்' என்று எழுதி, ஆண்டையும் பொறித்திருக்கிறோம். மழைக்காலத்தில் ஓரத்தில் லேசாகப் பூசணம் பிடித்தது. உலர்ந்த துணியால் துடைத்து வைத்தோம். பார்க்க விரும்புவோர் சிஸ்டரிடம் சாவி கேட்கலாம்.